பேனல் போச்சு என்றால் டி.வி. போச்சா?

சத்தம் வருகிறது, படம் வரவில்லை. எல்.இ.டி. டி.வி. வாங்கி நாலைந்து வருடம் ஆன வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. சர்வீஸ் ஆள் வருகிறார், ரிமோட்டை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்க்கிறார், "பேனல் போயிடுச்சு சார்" என்கிறார். புது பேனலுக்கு அவர் சொல்லும் தொகையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புது டி.வி.யே வாங்கிவிடலாம். அப்படித்தான் வாங்குகிறோம். பழையது எக்ஸ்சேஞ்சில் கிடைத்த விலைக்குப் போகிறது. கடைக்காரர் எடுக்காவிட்டால் காயலான் கடைக்குப் போகிறது.

இப்படிப் போகும் டி.வி.க்களில் பலவற்றில் பேனல் நன்றாகவே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு டி.வி.யை ஆன் செய்யுங்கள். செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். மங்கலாக ஆள் நடமாட்டமோ சேனல் எழுத்தோ தெரிந்தால் பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பின்னாலிருந்து வெளிச்சம் தரவேண்டிய பேக்லைட்தான் எரியவில்லை. ஆன் செய்ததும் ஒரு நொடி படம் பளிச்சென்று வந்து உடனே இருட்டாகிவிட்டாலும் பெரும்பாலும் இதே பழுதுதான். பேக்லைட்டில் கோளாறு இருப்பதை உள்ளே இருக்கும் சர்க்யூட் கண்டுபிடித்து, தானே மின்சாரத்தை நிறுத்திக்கொள்கிறது.

இந்த ஒரு சோதனை எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமான தேவை ஒன்று உண்டு. அந்த பேக்லைட் பட்டையை, டி.வி.யைத் தயாரித்து விற்ற நிறுவனமே, நியாயமான விலையில், கேட்கிற எவருக்கும் விற்றாக வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். இந்தியாவில் இன்று அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வீட்டில் படம் காட்டும் சாதனங்கள் அத்தனையும் உரிய காலத்துக்கு முன்பே குப்பைக்குப் போவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

பேக்லைட் மாற்றும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இது புரியும். மெக்கானிக் மேசையில் போர்வை விரித்து 32 அங்குல செட்டைக் குப்புறப் படுக்க வைக்கிறார். பின்மூடியைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றித் தூக்கினால் உள்ளே பெரும்பகுதி காலியாகக் கிடக்கிறது. நடுவில் ஒரே ஒரு போர்டு, கீழே இரண்டு ஸ்பீக்கர், போர்டிலிருந்து பேனலுக்குப் போகும் பட்டை வயர் ஒன்று. வேலை இனிமேல்தான் இருக்கிறது. செட்டைத் திருப்பி, முன் சட்டத்தின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கிறார். பேனலின் ஓரத்தில் காப்பி நிறத்தில் மெல்லிய ஃபிலிம் நாடாக்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றில் ஒன்று மடிந்தோ கிழிந்தோ போனால் திரையில் கோடு விழும். அதற்குப் பிறகு உண்மையிலேயே பேனல் போச்சு. ரப்பர் உறிஞ்சிகளைக் கண்ணாடியில் பதித்து, இரண்டு பேர் சேர்ந்து அதை மேலே தூக்கும்போது கடையில் பேச்சு நின்றுவிடுகிறது.

பேனலுக்குக் கீழே இரண்டு மூன்று பால்வெள்ளைத் தாள்கள், ஒரு தடித்த பிளாஸ்டிக் பலகை, அதற்கும் கீழே வட்ட ஓட்டைகள் போட்ட வெள்ளை ஷீட். ஒவ்வொரு ஓட்டையிலும் குமிழி போன்ற லென்ஸ் ஒன்று எட்டிப் பார்க்கிறது. ஷீட்டை உரித்தால் வருகின்றன அந்தப் பட்டைகள். அலுமினியத் தகட்டில் வரிசையாக எல்.இ.டி.க்கள். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கப்பட்டவை. கோயில் திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் அந்த மாலையே அணைகிற மாதிரி, இங்கேயும் ஒன்று போனால் அந்த வரிசை முழுவதும் இருட்டு. டெஸ்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொரு எல்.இ.டி.யிலும் வைத்துக்கொண்டே போகிறார். எரிகிறது, எரிகிறது, எரிகிறது. ஒன்று எரியவில்லை. லென்ஸைப் பெயர்த்தால் அதன் தலையில் கடுகளவு கறுப்புப் புள்ளி. பல ஆயிரம் ரூபாய் டி.வி.யை இருட்டாக்கியது அதுதான்.

நல்ல மெக்கானிக் அந்த ஒன்றை மட்டும் மாற்ற மாட்டார். மற்றவையும் அதே வயதுடையவை. இன்றில்லாவிட்டால் அடுத்த மாதம் போகும். புதிது ஓர் இடத்தில் மட்டும் அதிகமாக எரிந்து திரையில் திட்டாகவும் தெரியும். அதனால் எல்லாப் பட்டைகளையும் சேர்த்தே மாற்றுவார். மாற்றி முடித்ததும் மெனுவில் போய் பேக்லைட் அளவை நூறிலிருந்து அறுபது எழுபதுக்கு இறக்கிவிடுவார். எல்.இ.டி.யைக் கொல்வது சூடு. சூட்டைக் கூட்டுவது மின்னோட்டம். ஷோரூமில் பத்து டி.வி.க்களுக்கு நடுவே பளிச்சென்று தெரிவதற்காக வைத்த 'விவிட்', 'டைனமிக்' போன்ற அமைப்புகளிலேயே நம்மில் பலர் வருடக்கணக்கில் வீட்டிலும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். புது டி.வி. வந்த அன்றே இதை மாற்றிவிட்டால் பேக்லைட்டின் ஆயுள் கூடும். செலவு ஒன்றும் இல்லை.

இதுவரை சொன்னது கைத்திறன். அது நம் ஊர்களில் தாராளமாக இருக்கிறது. தட்டுப்பாடு பாகத்துக்குத்தான்.

டி.வி.யின் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்துக்கொண்டு பேக்லைட் வாங்கிவிட முடியாது. ஒரே மாடல் எண்ணில் ஒரு மாதம் ஒரு கம்பெனி பேனலும், இன்னொரு மாதம் வேறொரு கம்பெனி பேனலும் போட்டு விற்பனைக்கு வருகின்றன. அதனால் பழைய பட்டைகளை வெளியே எடுத்த பிறகுதான் தேடலே தொடங்கும். பட்டை எத்தனை, ஒன்றில் எத்தனை எல்.இ.டி., நீளம் எத்தனை மில்லிமீட்டர், 3 வோல்ட்டா 6 வோல்ட்டா, மேலே அச்சடித்த குறியீடு என்ன என்று எல்லாவற்றையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சென்னை ரிச்சி தெருக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். அண்ணா சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்துகளில் இருக்கும் சின்னக் கடைக்காரர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் 'இருக்கு' என்றோ, 'இது வராது, ஆனா இந்த நம்பர் செட் ஆகும்' என்றோ பதில் போடுகிறார். நிறுவனங்கள் தரவேண்டிய உதிரிபாகப் பட்டியலை இந்தக் கடைக்காரர்கள் தங்கள் ஞாபகத்தில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். வெளியூர் மெக்கானிக்குகள் பலரின் பிழைப்பு அவர்களை நம்பி ஓடுகிறது.

ஆனால் அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி ஒரிஜினல் இல்லை. தகடு மெலிந்திருக்கும், சூட்டைக் கடத்தாது, எல்.இ.டி.யின் தரமும் அப்படித்தான். சில மாதங்களில் மறுபடி இருட்டு. வாடிக்கையாளர் மெக்கானிக்கைத் திட்டுகிறார். 'வெளியில் கொடுத்தால் இப்படித்தான், கம்பெனி சர்வீஸுக்கே போயிருக்கலாம்' என்று ஊர் பேசுகிறது. கம்பெனி சர்வீஸில் பட்டையைத் தனியாகக் கொடுப்பதில்லை, முழு பேனலையும்தான் மாற்றுவார்கள் என்ற சங்கதி அந்தப் பேச்சில் வருவதில்லை. ஒரிஜினல் பாகத்தை வெளி மெக்கானிக்குக்கு விற்க மறுத்துவிட்டு, அவர் போலிப் பாகம் போடுகிறார் என்று குறை சொல்வது நியாயமே இல்லை.

முன்பு நிலைமை இப்படி இல்லை. சென்னையில் உருவான சாலிடேர், டயனோரா போன்ற பெயர்கள் வீடுகளில் இருந்த காலத்தில், கூடத்தில் இருக்கும் டி.வி.யின் சர்க்யூட் படம் மெக்கானிக்கின் கையில் இருக்கும். படங்களைத் தொகுத்த புத்தகங்கள் கடையில் விற்றன. படத்தில் எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வரவேண்டும் என்று குறித்திருக்கும். மீட்டரை வைத்துப் பார்த்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும். டிரான்சிஸ்டரோ கெபாசிட்டரோ பத்திருபது ரூபாய்க்கு எந்த மாவட்டத் தலைநகரிலும் கிடைக்கும். பிக்சர் டியூப் போனால்தான் பெரிய செலவு. இருபது வருடம் ஓடிய செட்டுகள் நம் எல்லோருடைய நினைவிலும் இருக்கின்றன. அன்றைய பொருள் கெட்டியானது என்று சொல்லிக் கடந்துபோகிறோம். அடிக்கடி கெட்டுப்போகத்தான் செய்தன. ஒவ்வொரு முறையும் சரிசெய்ய முடிந்தது.

இன்றைய டி.வி.யில் இன்னொரு பாகமும் சேர்ந்துவிட்டது. சாஃப்ட்வேர். ஆன் செய்தால் கம்பெனியின் லோகோ வருகிறது, அதிலேயே நிற்கிறது, அணைந்து மறுபடி லோகோ. போர்டில் இருக்கும் மெமரி சிப் பழுதாகியிருக்கலாம், அதிலுள்ள சாஃப்ட்வேர் குலைந்திருக்கலாம். சிப் விலை குறைவு. அதில் ஏற்றவேண்டிய ஃபைல்தான் கிடைக்காது. அதே மாடல் செட் வேறொன்று பழுதுக்கு வரும்போது அதிலிருந்து நகலெடுத்து வைத்துக்கொண்டு, மெக்கானிக்குகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் யுனிவர்சல் போர்டு ஒன்றை மாட்டுவார்கள். படம் வரும், ஆனால் ஸ்மார்ட் டி.வி. சாதா டி.வி. ஆகிவிடும். வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு உரிய சாஃப்ட்வேர் அது. அதைத் தர மறுப்பதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

பேனல் உண்மையாகவே போவதும் உண்டு. பந்து பட்டு உடைந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு செட்டின் விலையில் மிகப் பெரிய பங்கு பேனலுடையது. நம் வீடுகளில் பேனலைக் கெடுக்கும் இன்னொரு காரணத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். போகிக்கோ ஆயுதபூஜைக்கோ வீட்டைச் சுத்தம் செய்யும்போது திரையில் தண்ணீரையோ கண்ணாடி துடைக்கும் திரவத்தையோ நேரடியாகத் தெளித்துத் துடைக்கிறோம். அது வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்குகிறது. பல செட்டுகளில் மேலே சொன்ன ஃபிலிம் நாடாக்கள் அங்கேதான் இருக்கின்றன. ஈரம் அவற்றின் இணைப்பை அரிக்கிறது. சில நாளோ சில வாரமோ கழித்து மேலிருந்து கீழாக ஒரு கோடு, பிறகு இரண்டு, பிறகு பாதித் திரை. இந்த நாடாவை மறுபடி ஒட்டும் இயந்திரம் பெரிய நகரங்களில்தான் இருக்கிறது. ஒட்டினாலும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. காய்ந்த மென்மையான துணி போதும். கறை இருந்தால் துணியை லேசாக ஈரமாக்கிக்கொள்ளலாம். திரையில் எதையும் தெளிக்கக் கூடாது.

மற்றவற்றில் பெரும்பாலானவை மெக்கானிக் வருவதற்கு முன்பே வீட்டில் பார்க்கக் கூடியவை. ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் அதன் முனையைச் செல்போனின் செல்ஃபி கேமராவுக்குக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதா ஒளி மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது, டி.வி.யின் பக்கம்தான் கோளாறு. மின்னவில்லை என்றால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். செட்டாப் பாக்ஸ் அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால் பாக்ஸைக் குறை சொல்லுமுன் அதன் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும்; ஆம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது; பின் பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. மூன்றும் அடாப்டரின் மேலேயே அச்சடித்திருக்கும். 'நோ சிக்னல்' என்று வந்தால் எச்.டி.எம்.ஐ. வயரை வேறு போர்ட்டில் மாற்றிக் குத்துங்கள், பிறகு வேறு வயர், பிறகு வேறு பாக்ஸ். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் பழுது எதில் என்று தெரியும். எதற்கும் அசையாமல் நின்றால் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி இரண்டு மூன்று நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். ரிமோட்டில் அணைப்பது உண்மையில் அணைப்பதல்ல.

ஐப்பசி, கார்த்திகை இடியின்போது பிளக்கைப் பிடுங்குகிறோம். டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளை மறந்துவிடுகிறோம். மின்னலின் தாக்கம் கேபிள் வழியே பாக்ஸுக்கும், அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியே டி.வி.யின் மெயின் போர்டுக்கும் வரும். மழைக்காலத்தில் எச்.டி.எம்.ஐ. போர்ட் செத்துப்போன செட்டுகள் சர்வீஸ் கடைகளில் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இது. கேபிளையும் கழற்ற வேண்டும். ஸ்பைக் பஸ்டர் போட்டிருக்கிறேன் என்பவர்கள் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் அதன் பாதுகாப்பை நம்ப முடியாது. சுவரில் மாட்டிய டி.வி.யின் கதகதப்பைத் தேடிப் பல்லி உள்ளே போய் போர்டில் ஷார்ட் ஆவதும் நம் ஊரில் அன்றாடம் நடப்பது.

பின்மூடியைத் திறப்பதை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். பழைய பிக்சர் டியூப் செட் என்றால் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். பழகிய கை வேண்டும்.

உதிரிபாகம் நின்றுபோனால் கடைசியில் என்ன ஆகும் என்பதற்கு வீடியோ டெக் ஓர் எடுத்துக்காட்டு. 1976-ல் ஜப்பானின் ஜே.வி.சி. வி.எச்.எஸ். முறையைக் கொண்டுவந்தது. எண்பதுகளில் நம் ஊருக்கு வந்தபோது டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்துத் தெருவே கூடி விடிய விடிய மூன்று படம் பார்த்தோம். கூடவே கல்யாண வீடியோவும் வந்தது. 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் டெக் தயாரிப்பதை நிறுத்தியது. அப்போது உலகில் டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனம் அதுதான். வாங்குவோர் குறைந்தது ஒரு காரணம்; தேவையான பாகங்கள் கிடைப்பது கடினமாகிவிட்டது என்பது அந்த நிறுவனமே சொன்ன இன்னொரு காரணம். அதற்கு முந்தைய ஆண்டில்கூட ஏழரை லட்சம் டெக்குகளை அது விற்றிருந்தது.

இன்று நம் பீரோக்களில் கிடக்கும் கேசட்டுகளில் இருப்பவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. தாத்தா நடந்து வருவதும் அத்தை பேசுவதும் வேறெங்கும் பதிவாகவில்லை. நாடா இருக்கிறது, ஓட்டுவதற்கு டெக் இல்லை. டெக் இருக்கும் வீட்டில் அதன் ரப்பர் பெல்ட் தளர்ந்தோ பிசினாக உருகியோ போயிருக்கும். நாடாவை இழுக்கும் பிஞ்ச் ரோலர் இறுகி வழுவழுப்பாகி, நாடாவைக் கசக்கிவிடும். இவை சாதாரண ரப்பர் சாமான்கள்தான். ஒரிஜினல் கிடைக்காவிட்டாலும் அளவு பார்த்துப் பொருத்துபவர்கள் இருக்கிறார்கள். பழைய பெல்ட் நீண்டுபோயிருக்கும் என்பதால் அதைவிடச் சற்றே சிறியதாக வாங்குவார்கள். ஆனால் வீடியோ ஹெட் தேய்ந்துவிட்டால் மாற்று கிடையாது. நம் நாட்டின் 'பால்' (PAL) ஒளிபரப்பு முறை டெக்கில் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும் உருளையில் பதித்த, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் முனை அது. இன்னொரு டெக்கைப் பலி கொடுத்துத்தான் அதை எடுக்க வேண்டும். யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பாளர்களின் சர்வதேச அமைப்பும் சேர்ந்து 2019-ல் காந்த நாடாக்களுக்காக ஓர் எச்சரிக்கைத் திட்டத்தையே தொடங்கின. நாடா அழிவதற்கு முன்பே அதை ஓட்டும் கருவியும் பாகமும் தீர்ந்துவிடும் என்பதுதான் அவர்களுடைய கவலை.

கேசட் வைத்திருப்பவர்கள் இனியும் தள்ளிப்போடக் கூடாது. முதலில் கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் டெக்கில் போடாதீர்கள்; ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட் என்றால் டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைக் கேப்சர் கருவி வழியாகக் கம்ப்யூட்டரில் சேர்த்து ஃபைலாக மாற்றிவிடலாம். டி.வி.டி.யில் எழுதி வைத்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். டி.வி.டி. பிளேயரின் லென்ஸும் கிடைக்காத பாகமாகிக்கொண்டுதான் வருகிறது. இரண்டு வேறு இடங்களில் ஃபைலாக வையுங்கள்.

டெக்குக்கு நேர்ந்தது காலம் மாறியதால் என்று சொல்லலாம். இன்னமும் கடையில் விற்றுக்கொண்டிருக்கும் டி.வி.க்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசி செட் சந்தைக்கு வந்த பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு பவர் சப்ளை, இணைப்புப் போர்ட்டுகள், கெபாசிட்டர் போன்ற பாகங்களைப் பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். ரிமோட்டும் வெளி அடாப்டரும் சாதாரண வாடிக்கையாளருக்கே கிடைக்க வேண்டும். சாஃப்ட்வேர் எட்டு ஆண்டுகளுக்கு. பிரான்ஸில் அதே 2021 முதல் டி.வி.க்குப் பக்கத்தில் அது எந்த அளவுக்குப் பழுதுபார்க்கத் தக்கது என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என எழுதி வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. கலிபோர்னியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், 100 டாலருக்கு மேல் விலையுள்ள மின்னணுப் பொருட்களுக்கு ஏழு ஆண்டுகள் பாகமும் கருவியும் கையேடும் கொடுக்கச் சொல்கிறது. அங்கெல்லாம் பொருள் விற்கும் நிறுவனங்களில் பல இங்கேயும் விற்கின்றன. அங்கே கொடுக்க முடிந்தவர்களுக்கு இங்கே மட்டும் முடியாமல் போக வழியில்லை.

ஐரோப்பியச் சட்டத்தை அப்படியே எழுதிக்கொண்டாலும் போதாது. அந்தப் பாகப் பட்டியலில் பேக்லைட் பட்டை இல்லை. நம் வீடுகளில் டி.வி.யை இருட்டாக்குவது அதுதான் என்பதால், நாம் எழுதும் பட்டியலில் அது முதல் வரியாக வரவேண்டும்.

நாம் இதுவரை செய்திருப்பது என்ன? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு தேசிய நுகர்வோர் தினமான டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்று தொடங்கப்பட்டது. வேளாண் கருவிகள், செல்போன் மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள். விரும்பிய நிறுவனம் சேரலாம். சேராவிட்டால் தண்டனை இல்லை. சேர்ந்தவர்களிலும் பலர் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் சர்வீஸ் சென்டர் முகவரியையும் கொடுத்ததோடு சரி. பழுதுபார்க்கும் தன்மைக்கு மதிப்பெண் தருவதற்கான குழு 2024-ல் அமைக்கப்பட்டு 2025-ல் அறிக்கை கொடுத்திருக்கிறது. முதலில் செல்போனும் டேப்லெட்டும்தான். டி.வி. காத்திருக்க வேண்டும். இதற்கிடையே 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மக்களுக்கு நல்லதுதான். ஆனால் புது டி.வி.க்கும் பழைய டி.வி.யைச் சரிசெய்வதற்கும் ஒரே 18 சதவீதம் என்று வைத்தால் மக்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? பழுதுபார்க்கும் சேவைக்கும் உதிரிபாகத்துக்கும் வரியைக் குறைப்பது அரசுக்குப் பெரிய இழப்பாகாது. காயலான் கடைக்குப் போகும் ஒவ்வொரு செட்டையும் மறுசுழற்சி செய்யும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அதுவரை நாம் செய்யக் கூடியதும் உண்டு. பாகம் இல்லை என்று நிறுவனம் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை.

டெல்லி சட்டம் போடும்வரை தமிழ்நாடு காத்திருக்கத் தேவையில்லை. 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல் டி.வி.க்கள் வீடுகளுக்குப் போயின. எல்லாமே 14 அங்குலம். கிராமத்துக் கிராமம் ஒரே மாதிரி செட்டுகள் இருந்ததால் ஊர் மெக்கானிக்குகளுக்கு அவற்றின் போர்டு மனப்பாடம் ஆனது. பாகமும் பக்கத்து டவுனிலேயே கிடைத்தது. அரசு மொத்தமாக வாங்கும்போது சந்தை எப்படி வளைந்துகொடுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்றும் அரசு மொத்தமாக வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அரசுப் பள்ளிகளின் ஸ்மார்ட் வகுப்பறைத் திரைகள் தொடங்கி, மருத்துவமனைகளிலும் பேருந்து நிலையங்களிலும் தொங்கும் திரைகள்வரை எல்லாவற்றுக்கும் டெண்டர் உண்டு. நாலைந்து வருடத்தில் இவற்றின் பேக்லைட்டும் போகும். பள்ளியில் ஒரு திரை இருட்டானால் தலைமை ஆசிரியர் யாரைக் கூப்பிடுவார்?

அந்த டெண்டர் ஆவணங்களில் சில நிபந்தனைகளைச் சேர்த்தால் போதும். ஏழு ஆண்டுகளுக்கு போர்டு, பேக்லைட் பட்டை, ரிமோட், அடாப்டர் ஆகியவற்றை முன்பே அறிவித்த விலையில் தரவேண்டும். சாஃப்ட்வேர் ஃபைலும் சர்வீஸ் கையேடும் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் எந்தப் பட்டை, எந்தப் பேனல் என்ற எண் பட்டியல் வெளிப்படையாக இருக்க வேண்டும். அந்தக் கையேடு அரசு ஐ.டி.ஐ.க்களின் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் மாணவர்களுக்குப் பாடமாகப் போகட்டும். பழுதான பள்ளித் திரைகள் அவர்களுடைய பயிற்சி மேசைக்குப் போகட்டும். இந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளாத நிறுவனத்துக்கு ஆர்டர் கிடையாது என்று சொல்லும் அதிகாரம் மாநில அரசுக்கு இப்போதே இருக்கிறது. எண் பட்டியல் ஒருமுறை அரசுக்குக் கொடுக்கப்பட்டு வெளியாகிவிட்டால், அதே டி.வி.யைக் கடையில் வாங்கியவரும் அவருடைய தெருமுனை மெக்கானிக்கும் அதைப் பார்த்துக்கொள்வார்கள். பட்டையைத் தனியாகத் தர முடியாது, பேனலைத்தான் மாற்ற வேண்டும் என்று அவர்களிடம் சொல்ல நிறுவனத்துக்கு அதற்குமேல் வழியிருக்காது.